கணினியில் கருகாத டிரான்சிஸ்டர்

சர்க்யூட் டிசைன் செய்கிறவனின் பாதி ஆயுள், பாகங்களுக்கு மாடல் கேட்டு மெயில் போடுவதிலேயே போய்விடும். ஒரு பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்புதான் மாடல். அதை வைத்து, சாலிடரிங் செய்யும் முன்பே சர்க்யூட்டைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். கோப்பு சரியா தவறா என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்டது

அடையாறில் ஒரு மாடி போர்ஷனில் எங்கள் கம்பெனி. மயிலாப்பூர் நர்சிங் ஹோம் ஒன்றுக்காக, பச்சிளம் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் செய்துகொண்டிருந்தோம். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் நேரத்தில் ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், ஹீட்டர் அணையாது. உள்ளே இருப்பது பிறந்த குழந்தை.

அந்த டிரான்சிஸ்டருக்கு மாடல் கேட்டு, அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கு எழுதினேன். வருஷத்துக்கு எத்தனை லட்சம் வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். நூறு தேறினால் அதிகம் என்றேன். அதோடு சரி, பதிலே இல்லை. தி.நகரில் டீலர் ஆபீசுக்கே போய் உட்கார்ந்தேன். விற்பனையைப் பார்க்கும் குமரேசன் காபி வரவழைத்துவிட்டுக் கைவிரித்தார்.

"பீஸ் வேணும்னா நாளைக்கே அனுப்பறேன் சார். மாடலுக்கு நான் எங்க போவேன்?"

வந்தது

குமரேசனை நச்சரித்ததில் ஒருவழியாகக் கோப்பு வந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஓட்டினேன். பாகத்தின் குணங்களை அச்சிட்டுத் தரும் டேட்டாஷீட்டில் இருக்கும் வரைபடக் கோடு அச்சு அசலாகத் திரையில் வந்தது. சந்தோஷத்தில் நர்சிங் ஹோம் டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, எல்லாம் சரியாக வருகிறது என்று சொல்லிவிட்டேன். டெஸ்டிங் பார்க்கும் எஞ்சினியர் ரேவதி, சிந்தாதிரிப்பேட்டைக்காரர், திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா சார், எத்தினி வாட்டி கரண்ட்ட கட் பண்ணாலும் ஒண்ணுமே ஆவல? இவ்ளோ நல்ல புள்ளையா இருந்தா எனக்கு டவுட்டா கீது."

எழுதியவர்

ரேவதி நிஜ டிரான்சிஸ்டரைப் போட்டு, ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்த்தார். கருகிய நாற்றம். ஹீட்டர் அணையவில்லை.

மாடலை எழுதிய எஞ்சினியரையே குமரேசன் போனில் பிடித்துக் கொடுத்தார். பெங்களூரில் இருக்கும் தமிழர். சண்டை போடத்தான் நினைத்தேன். டேட்டாஷீட்டோடு அப்படிப் பொருந்தியதே என்று கேட்டதற்கு, அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னதும் கோபம் அடங்கிவிட்டது. பயம்தான் மிஞ்சியது.

"டேட்டாஷீட்ட பாத்துதானே சார் மாடலே எழுதறோம், பொருந்தாம எங்க போகும்? கரண்ட் மாறறப்ப பாகம் சூடானா என்ன ஆகும்னெல்லாம் அதுல சேக்கவே இல்லையே."

காத்திருந்தவர்

நர்சிங் ஹோமின் பழைய வார்மர் தகராறு செய்துகொண்டிருந்தது. டாக்டரம்மா எங்களைத்தான் நம்பியிருந்தார். டிரான்சிஸ்டர் போனாலும் ஹீட்டரைத் தனியாகத் துண்டிக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும், இன்னும் ஒரு மாசம் ஆகும் என்று நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நடந்தது முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"ஒரு மாசம் எடுத்துக்கோங்கோ. ஆனா அந்த ஃபைலை எழுதினவர், தன் குழந்தைய இதுல படுக்க வெப்பாரான்னு ஒரு வார்த்தை கேட்டேளா?"

ஆகவே சக துன்பவாசிகளே, மாடல் கிடைத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் நிஜப் பாகங்களில் நாலைந்தை எரித்துப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.