செப்புக்குடத்துக் கடல்நீர்

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழிகூட எனக்குப் போதாது. நான் ஆக்கவும் பொறுக்காதவள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையில் எனக்குத் தற்காலிக வேலை. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து காசநோய்க்கு மருந்து எடுத்த செய்தி அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. எங்கள் பேராசிரியர் நாகர்கோவில்காரர். "மண்ணு தரும்னா கடல் சேறு தராதா?" என்று கேட்டு, என்னை வலியதுறைக் கடற்கரைக்கு அனுப்பினார்.

கடல்நீரில் காய்ச்சிய சத்துக் கரைசலில் சேற்றுப் பாக்டீரியாவை வளர்ப்பேன். பிறகு அதை வடிகட்டி, நோய்க்கிருமி பூசிய தட்டில் ஒரு சொட்டு விடுவேன். மறுநாள் கிருமி தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சொட்டைச் சுற்றி மட்டும் படராமல் ஒரு வளையம் நின்றால், அதில் கிருமியைக் கொல்லும் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் எனக்கு ஒரு வளையமும் வரவில்லை.

இதற்கிடையில், தண்ணீர் கொண்டுவர இருந்த ஒரே கண்ணாடி ஜாடியை அவசரத்தில் போட்டு உடைத்தேன். வீட்டில் பீங்கான் ஜாடி கேட்டதும் அம்மா சீறினாள்.

"ஊறுகா ஜாடியில மீன்நாத்தத் தண்ணியா? மண்பானைன்னா தூக்கித்தான் எறியணும். செப்புக்குடத்தை எடுத்துண்டு போ. புளி போட்டுத் தேச்சாச் சுத்தமாயிடும்."

அடுத்த வாரமே வளையம் வந்தது. ஒன்றிரண்டல்ல, எல்லாத் தட்டிலும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அப்பாவிடம் மன்றாடினேன். "ஒங்க சார் இது நெஜம்னு எழுதிக் குடுக்கட்டும். வரவாளை ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை கடிதம் தருவதாகப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் தங்கை குடம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உள்ளே பாரேன், பச்சைப் பசேல்னு களிம்பு! தேச்சுத் தேச்சுக் கையே போச்சு."

செப்புப் பாத்திரத்தில் புளியும் உப்பும் தங்கினால் களிம்பு ஏறும், அது விஷம் என்று எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சமையலறையில் எனக்கும் தெரியும். கிருமியைக் கொன்றது சேறா, குடமா? பாக்டீரியாவே போடாத வெறும் கரைசலை ஒரு தட்டில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்கிருந்த அவசரத்தில் அதை வைக்கவேயில்லை.

புதனன்று அதே குடத்து நீரில் காய்ச்சி வைத்தேன். வியாழன் காலை வெறும் கரைசலைச் சுற்றியும் வளையம் நின்றது.

பேராசிரியரின் மேஜையில் கடிதம் தயாராக இருந்தது. அந்தத் தட்டைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது, ஒரு வருஷம் என்னுடையது. தட்டோடு குழாயடி வரை போனேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. திரும்பி வந்து, தட்டை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார்.

"போனது போட்டும்மா. நாளைக்குக் கண்ணாடிக் குப்பியில தண்ணி கொண்டா. முதல்லேர்ந்து பாப்போம்."

நாளை வெள்ளி என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு அவர்கள் பெண் பார்க்க வந்தபோது, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடிக் குப்பியோடு நான் வலியதுறையில் முழங்கால் நீரில் நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பினேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை மட்டும் காதோடு சொன்னாள்: "கேட்டியா, அவா சொஜ்ஜி பஜ்ஜி எல்லாத்தையும் சாப்ட்டுட்டுத்தான் போனா. ஒனக்கு ஒண்ணும் மிச்சமில்லை."

அந்தக் குப்பித் தண்ணீரில் ஒரு வளையமும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு இடத்துச் சேறு எடுக்கக் கிளம்பினேன். ஒரு வாரமாக என்னோடு பேசாத அப்பா வாசலில் நின்றிருந்தார். வழிவிட்டு ஒதுங்கி, "குப்பியை ஒடைச்சுடாதே" என்றார்.