வேலங்கொப்பு வைத்த கவர்

தேனியில் ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி ஒரு விதிதான் சொன்னார்.

"ஏழாம் பக்கம், சாவுச் செய்தி, உன் பொறுப்பு. இறந்தவுக வீட்டுக்கு நீயே போன் போட்டுக் கேக்கணும். கேக்காம ஒரு வரி ஏறக் கூடாது."

என் அம்மா ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயர் அச்சில் வராவிட்டாலும் அது என் பக்கம்.

மூன்றாம் மாதம், போன் போடாமல் ஒரு சாவுச் செய்தியை ஏற்றிச் சறுக்கினேன். ஆண்டிபட்டி நெசவாளி ஒருவர் பேப்பரோடு நேரில் வந்தார். "என் சாவுக்கு நானே வந்திருக்கேன்த்தா, காப்பித்தண்ணி உண்டா?"

முதலாளி அவருக்கு நாற்காலி போட்டு மன்னிப்புக் கேட்டார். என்னிடம், "இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போயிரு" என்றார்.

முதலாளி ஃப்ரீமேசன். வெள்ளை ஏப்ரன், கையுறை அணிந்து, கதவைச் சாத்திக்கொண்டு கூடும் சபையில் பெரிய பொறுப்பில் இருந்தார். அங்கே மூன்று முறை தட்டினால்தான் கதவு திறக்குமாம். என் பக்கம் சரியாக இருந்தால், அதேபோல மேசையை மூன்று முறை தட்டுவார். சபையில் யாராவது இறந்தால், அவர்கள் வழக்கப்படி, அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கும் வேலமரத்தில் தன் கையால் ஒரு கொப்பு ஒடித்து, படம் உள்ள கவரில் செருகி என் மேசையில் வைப்பார். கொப்பு இருந்தால் சாவு உறுதி. அதற்கு மட்டும் போன் வேண்டாம்.

ஒரு நாள் அவர் நெஞ்சுவலிக்காக மதுரை போயிருப்பதாகச் சொன்னார்கள். மதியம் சாப்பிட்டு வந்தபோது மேசையில் கவர் இருந்தது, கொப்போடு. உள்ளே ஏப்ரன் அணிந்த அவருடைய படம். வாழ்க்கைக் குறிப்பு முழுதாக டைப் செய்திருந்தது. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

மேனேஜர் கண் கலங்கினார். "போயிட்டாகத்தா. பக்கத்தைப் போடு."

கொப்பைத் தொட்டேன். ஒடித்த இடத்தில் ஈரம் காயவில்லை.

"சார், அவுகளைத் தவிர வேற யாரும் இதை ஒடிக்க மாட்டாகளே?"

"கொப்பு வந்த பெறகு என்ன கேள்வி? செத்தவருக்கே போன் போடுவியா?"

போட்டேன். அவருடைய எண்ணுக்கே.

காதில் மணி அடித்தது. எங்கள் தலைக்கு மேலே, ஆளில்லை என்று நினைத்த முதலாளியின் மாடி அறையிலும் அடித்தது. பிறகு நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். குரல் இல்லை.

டொக். டொக். டொக்.

"உறுதியாகல சார்" என்றேன். மேனேஜர் நகரவில்லை. நான்தான் படியேறினேன்.

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். வலப்பக்கம் செயலிழந்திருந்தது. இடது கையில் போன். மதுரைக்குக் கிளம்புமுன், ஒருவேளை திரும்பாவிட்டால் என்று தன் கவரையும் ஒழுங்கு செய்துவைக்கப் பின்வாசல் வழியாக வந்து, என் மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறார்.

பிழைத்தார். பேச்சு வரவில்லை. தினமும் பக்கத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோவேன். படித்துவிட்டுக் கட்டில் சட்டத்தை மூன்று முறை தட்டுவார்.

பல மாதம் கழித்து ஒரு காலையில் அவர் மருமகள் போன் செய்தார். விதிப்படி நானே திரும்ப அழைத்தேன். "ஆமாத்தா, மாமா போயிட்டாக" என்றார். அதே கவரை எடுத்து, விட்டிருந்த இடத்தில் தேதியை எழுதினேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: எதிர்முனையில் பேச்சு இல்லை என்று உடனே போனை வைத்துவிடாதீர்கள். அன்று மருமகள் வைத்த பிறகும் நான் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.