பென்டிரைவில் வந்த புயல்

செம்பாக்கத்தில் நானும் மனைவியும் பிரிண்ட் கடை நடத்துகிறோம். கல்லூரிகளில் புராஜெக்ட் கொடுக்கும் வாரம் அது, வாசல்வரை மாணவர்கள்.

"அண்ணா, வைரஸ் ஸ்கேன்லாம் வேணாம், பஸ் போயிடும்!" என்றான் பென்டிரைவை நீட்டிய ஒருவன். ஆன்டிவைரஸை நிறுத்தப் போனேன்.

"கையை எடுங்க! அத்தனை பசங்க புராஜெக்ட்டும் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு" என்றாள் மனைவி.

எடுத்தேன். பென்டிரைவைச் செருகியதும் திரை சிவந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிடும் வைரஸ், திறக்கும் முன்பே பிடிபட்டிருந்தது.

"மச்சான், புராஜெக்ட் கேட்டா புயலையே கொண்டாந்துகீறியேடா!" என்றான் பின்னால் நின்ற அவன் நண்பன். வரிசை சிரித்தது.

இப்போது கடையடைக்கும் முன் எல்லாவற்றையும் தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக் கழற்றி வைக்கிறேன். ஆன்டிவைரஸை நிறுத்துவதே இல்லை. அவசரப்படுகிறவர்களிடம், "ஸ்கேன் முடியறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வாங்க தம்பி" என்கிறேன்.