உதவியவர் பெயர்

கம்பாலா நகரக் கல்லூரி ஒன்றில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் நடத்திய ஆசிரியை நன்சாம்பா வகுத்த விதி எளியது. கூடிப் பேசலாம், பேசி முடித்ததும் பலகையை அழித்துவிட்டு அவரவர் தனியாக நிரல் எழுத வேண்டும், தாளின் தலைப்பில் உதவியவர் பெயரைப் போட வேண்டும்.

இரண்டாம் பயிற்சியில் முப்பத்தொரு பேர் ஒரே பெயரைப் போட்டிருந்தார்கள்: வகுப்புத் தோழன் முலோண்டோ. பயல் விடைகளை விற்கிறான் என்று நன்சாம்பாவுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நிரலையும் திறந்து பார்க்காமல் ஒழுங்குக் குழுவுக்கு எழுதிவிட்டாள். குழு அவனைக் கல்லூரியிலிருந்து நீக்கியது. அவன் சொந்த ஊரான மசாக்காவுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மறுவாரம் நபுகேரா என்ற மாணவி நன்சாம்பாவின் அறைக்கே வந்துவிட்டாள்.

"அவன்கிட்ட லேப்டாப்பே கிடையாது மேடம். போர்டுல எங்களுக்கு விளக்குவான், முடிஞ்சதும் அவனே அழிச்சிடுவான். அதுக்குப் பதிலா, அவன் தன்னோடத எழுத எங்க லேப்டாப்ப ஆளுக்குக் கொஞ்ச நேரம் குடுத்தோம். காப்பியடிச்சிருந்தா பேர் போடுவோமா? நீங்கதானே போடச் சொன்னீங்க!"

நன்சாம்பா அன்றுதான் நிரல்களை ஒப்பிட்டாள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. குழுவிடம் போய்க் கெஞ்சினாள். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள்.

மூன்றாம் பயிற்சித் தாள்கள் வந்தன. முப்பத்தொன்றிலும் உதவியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "யாருமில்லை" என்று எழுதியிருந்தது.