கடைசி இடத்து அணியும் என் மீசையும்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர்களில் பேஸ்போலை என்னைப்போல விளங்கிக்கொண்டவன் ஒருத்தனும் இல்லை. பொய். விளங்காமல் பந்தயம் கட்டியவன்தான் என்னைப்போல ஒருத்தனும் இல்லை. எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தேன், இரண்டு தரமும் அது எனக்குப் பிடிபடவில்லை. பேஸ்போல் மட்டும் பார்த்தவுடன் பிடிபடுமா?

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்டில் நானும் மன்னார் அண்ணை ஒருத்தரும் இருந்தோம். அண்ணைக்கு பேஸ்போல் நடக்கிற அரங்கில் துப்புரவு வேலை. சனம் தின்று போட்ட கச்சான் கடலைக் கோதைக் கூட்டிக் கூட்டியே ஆட்டத்தின் சட்டமெல்லாம் படித்துவிட்டார். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதுவும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த கிரிக்கெட்.

அந்தக் கிழமை எனக்குப் பெரிய கிழமை. சனிக்கிழமை கொழும்பிலிருந்து பொம்பிளை வருகிறாள். பேசி முடித்த கலியாணம், நேரில் கண்டதில்லை. மீசையை முறுக்கிவிட்டு ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்றைத்தான் அனுப்பியிருந்தேன். அவள் எழுதியிருந்தாள்: "படத்திலை இருக்கிற மாதிரியே வந்து நில்லுங்கோ. எனக்கு அங்கை வேறை ஒருத்தரையும் தெரியாது." அந்தக் கடிதத்தை வேலைக்கும் சட்டைப் பையில் கொண்டு திரிந்தேன்.

வியாழன் பின்னேரம் குளித்துவிட்டு வருகிறேன், ரிவியில் ஆட்டம். எங்கள் ஊர் அணிக்கு எதிராக ஆடுவது, பட்டியலில் கடைசியில் கிடக்கிற ஒரு அணி. ஆனால் திரையின் மூலையில் கடைசி அணிக்கு நாலு, எங்களுக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. அவர்களும் அடித்தாயிற்று, இவர்களும் அடித்தாயிற்று, விளம்பரம் போகிறது. ஆளுக்கொரு தரம் அடித்தால் ஆட்டம் முடிந்தது. இதைக்கூடவா எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டும்?

அண்ணை சோற்றுக் கோப்பையோடு சாய்ந்திருந்து, "இண்டைக்கும் நாங்கள்தான்ரா வெல்லுவம்" என்றார்.

மனுசனுக்கு ஆட்டம் முடிந்தது தெரியவில்லை. இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணையின் மீசை என்னுடையதைவிட அடர்த்தி. சனிக்கிழமை எயார்போட்டுக்குக் கார் ஓடி வரப்போகிறவரும் அவர்தான். பக்கத்தில் அப்படியொரு மீசை நின்றால் என்னுடையதை யார் பார்ப்பார்கள்?

"அண்ணை, பந்தயம். கடைசி ரீம்தான் வெல்லும். தோத்த ஆள் மீசையை எடுக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? சனிக்கிழமை பெட்டை வருகுது."

"பயமெண்டாச் சொல்லுங்கோ."

"எட, மன்னாரானுக்குப் பயமோ? கையைத் தா."

கை கொடுத்த சூட்டோடு சவரக் கத்தியையும் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். விளம்பரம் முடிந்தது. அதே ஆட்கள் தொப்பியைச் சரிசெய்தபடி திரும்ப மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள்.

"உவங்கள் ஏன் அண்ணை திரும்ப வாறாங்கள்? சாமான் ஏதும் விட்டிட்டுப் போட்டாங்களோ?"

வாய்க்குக் கொண்டுபோன கவளம் அப்படியே நின்றது. "இப்பதானேடா முதலாவது முடிஞ்சது. இன்னும் எட்டுத் தரம் கிடக்கு." பிறகு கோப்பை அதிர அதிரச் சிரித்தார். "முடிஞ்ச மட்ச் எண்டு நினைச்சே பந்தயம் கட்டினனி? கள்ளப் பயலே!"

"விடுவம் அண்ணை, பகிடிக்குச் சொன்னனான்."

"கை குடுத்தாச்சு."

அதன்பிறகு அந்தக் கடைசி அணிக்காக நான் துடித்த துடிப்பை அவர்களைப் பெற்றவர்களும் துடித்திருக்க மாட்டார்கள். நான் நல்லூர் முருகனைக் கூப்பிட, அண்ணை மடு மாதாவைக் கூப்பிட்டார். ஏழாம் தரம்வரை தாக்குப் பிடித்தார்கள். எட்டில் நாலுக்கு நாலு. ஒன்பதில் எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன் அடித்த பந்து சனத்துக்குள் போய் விழுந்தது. நகரமே துள்ளியது. ஸ்காபரோவில் அன்று கண் கலங்கிய ஒரே ஆள் நான்தான்.

என் மேலுதடு இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். உரித்த உருளைக்கிழங்கில் வாய் கீறிய மாதிரி இருந்தேன். இரண்டு நாளில் முளைத்ததைக் கண்ணாடிக்கு மிகக் கிட்டப் போனால்தான் காணலாம்.

சனிக்கிழமை அவள் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். கையைக் காட்டினேன். தூணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, நேரே போய் அண்ணைக்கு முன்னால் நின்று வெட்கத்தோடு சிரித்தாள்.

"ஐயோ தங்கச்சி, நானில்லை! எனக்கு மன்னாரிலை மூண்டு பிள்ளையள். உவன்தான், உந்த வழிச்ச சொண்டன்!"

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பைக்குள்ளிருந்து என் படத்தை எடுத்தாள். படத்திலிருந்த மீசையை ஒற்றை விரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கலியாணம் நடக்குமா இல்லையா என்பது அந்த விரலுக்குக் கீழே கிடந்தது. பேஸ்போலிலிருந்து தொடங்கி விளக்குவோம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி மறித்தாள். மறித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்...

பொறுங்கள், கதவடியில் சத்தம் கேட்கிறது.

"இஞ்சாருங்கோ! காருக்கு மேலை ஸ்னோ முழங்கால் அளவுக்குக் கிடக்கு. உங்கை குந்தியிருந்து என்னத்தைக் கிறுக்கிறியள்?"

அவளேதான். ஸ்னோ அள்ளுகிற சவளும் கையுமாக நிற்கிறாள்.

"வாறனப்பா, வாறன்!"