போட் ஓடாத நாளில் இருபத்தைந்து நிமிடம்

அன்றைக்கு, நெடுந்தீவுக்குப் போட் புறப்படுகிற குறிகட்டுவான் ஜெட்டியில், தண்ணீர் சுவரில் வந்து அடிக்கிற சத்தம் கேட்டது...

போய்வந்தவர்களுக்குத் தெரியும், அது அங்கே கேட்கிற சத்தமே இல்லை. எந்த நேரமும் ஏதாவது ஒரு போட்டின் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். அன்று எல்லாப் போட்டும் கட்டிக் கிடந்தன. கட்ட வைத்தது நாங்கள்தான்.

நான் நெடுந்தீவில் படிப்பிக்கத் தொடங்கி அப்போது இரண்டாம் வருடம். சுருவிலில் இருந்து தினமும் பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் கடல். ஆசிரியர் சங்கத்தின் கிளைச் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர் எடுத்தவள் நான், சந்தோசமாக ஏற்றுக்கொண்டேன்.

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. தீவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் ஏற்றிவர, எப்போதும் தயாராக நிற்கிற ஒரு நோயாளர் போட். ஆசிரியர் சங்கம் தனியே எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் ஐந்து பகுதி சேர்ந்தோம். நாங்கள், போட் தொழிலாளர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், பிள்ளையார் கோயில் சபை, மாதா கோயில் பங்குச் சபை.

சேர்ந்தோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன்... கடிதத்தில் யாருடைய பெயர் முதலில் என்பதற்கே மூன்று கூட்டம் போனது. முதல் கூட்டத்துக்கு நான் ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலம். இரண்டு கோயில்காரரும் தொடவில்லை. அவர்கள் முதன்முதலில் ஒத்துப்போன விடயம் அதுதான்.

கடைசியில் முடிவு வந்தது. ஒரு நாள் முழுக்கக் கடலில் ஒரு படகும் இறங்காது. போட் விடயத்துக்குப் பொறுப்பான அதிகாரி குறிகட்டுவானுக்கு வருவார், தீவுச் சனம் திரண்டு நின்று மனுக் கொடுக்கும். பிள்ளையாருக்குக் கற்பூரமும் மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்திச் சத்தியம் செய்தார்கள். ஐந்து பகுதியும் சம்மதிக்காமல் எவரும் தனித்து மீறக் கூடாது என்று கூட்டக் குறிப்பில் எழுதியது என் கைதான்.

ஒரு படகும் இறங்காவிட்டால் தீவுச் சனம் எப்படி வந்து சேரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உண்மையாகவே, ஒருவரும்!

காலையில் ஜெட்டியில் நின்றது நான், முதல்நாளே வந்துவிட்ட மாதா கோயில் பாதர், போட் தொழிலாளர் பதினைந்து பேர், ஒரு பெரிய பனர். அந்தப் பக்கம் நெடுந்தீவு ஜெட்டியில் இருநூறு பேர் பதாகைகளோடு வெயிலில் நிற்கிறார்களாம். போட் சங்கத் தலைவர் ராசன் அண்ணை தலையில் கைவைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவருடைய போன் அடித்தது.

"ரீச்சர், தீவில மகளுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கீற்றுதாம். தவணைக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. போட்டை எடுக்கட்டோ?"

அவர் என்னிடம் கேட்டார். சத்தியம் செய்த மனுசன்... கேட்டுவிட்டு நின்றார்.

"அண்ணை, அஞ்சு நிமிசம் பொறுங்கோ. எல்லாரையும் ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன்."

இதைத்தான் நான் சொன்னேன்.

பாதர் உடனே சொன்னார், "கேக்கிறதுக்கு என்ன பிள்ளை இருக்கு? எடுக்கச் சொல்லும்." கடற்றொழிலாளர் தலைவரும் போனில் ஓம் என்றார். பிள்ளையார் கோயில் தலைவர் மட்டும் அகப்படவில்லை. அவர் தீவில் நின்றார். பாதர் சொல்லித்தான் போட் போனது, கோயிலைக் கேட்கவில்லை என்று நாளைக்கு ஒரு கதை வந்தால்? மூன்று கூட்டத்தில் கட்டியது ஒரே நாளில் உடைந்துவிடுமே என்று பயந்தேன். ஜெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். போன் எடுத்தேன், எடுத்தேன், திரும்ப எடுத்தேன். எந்த நேரமும் லைன் பிசி.

ராசன் அண்ணை கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போட்டுக்குள் இருந்தார். எஞ்சினைத் தட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

கடைசியில் பிள்ளையார் கோயில் தலைவருடைய அழைப்பே வந்தது.

"உமக்கு எத்தினை தரம் எடுக்கிறது? ராசன்ர பிள்ளையைக் கதிரையில வைச்சுத் தூக்கிக்கொண்டு வந்து ஜெட்டியில இருத்தியிருக்கிறம். நாங்கள் நோயாளர் போட்டுக்குத்தானே பிள்ளை நிக்கிறம்! அங்க என்ன செய்து கொண்டு நிக்கிறீர்?"

நான் அவருக்கு எடுக்க, அவர் எனக்கு எடுக்க... இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ராசன் அண்ணை எஞ்சினைத் தட்டினார்.

போட் திரும்பி வந்தபோது ஏறக்கூடிய சனமெல்லாம் ஏறி வந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வெயில் படாமல், 'நோயாளர் போட் வேண்டும்' என்று எழுதிய பதாகையை இரண்டு பேர் தலைக்கு மேலே பிடித்திருந்தார்கள். அதிகாரி அந்த நேரம்தான் வந்து இறங்கினார். எங்கள் மனுவை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் வேலணை தாண்டுமுன் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் சுகம். சில மாதங்களில் நோயாளர் போட்டும் வந்தது. எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

இப்போது நான் யாழ்ப்பாண ரவுணில் படிப்பிக்கிறேன். எங்கள் ஐந்து பகுதியும் ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் இருக்கிறது. காலையில் பிள்ளையார் படம், அதற்குக் கீழே மாதா படம், இரண்டுக்கும் எல்லாரும் கைகூப்புகிறார்கள். அன்று மூன்று கூட்டம் சண்டை பிடித்தவர்கள்! போன கிழமை நோயாளர் போட் பழுதாகித் திருத்தப் போயிருக்கிறது என்று யாரோ படம் போட்டார்கள். அழுகிற முகங்கள் நிறைய வந்தன. "ஒருக்காக் கூடுவமோ?" என்று எழுதினேன். எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நேற்று ராசன் அண்ணையின் குரல்பதிவு ஒன்று வந்தது.

"கூட்டத்தை வையுங்கோ ரீச்சர், நான் வாறன். போட்டை நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவன். ஆனா எடுக்க வேண்டி வந்தா, இந்தமுறை உங்களைக் கேக்கமாட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். நாலைந்து தரம் போட்டுக் கேட்டுவிட்டேன்... பதில் எழுதத்தான் இன்னும் கை வரவில்லை.