விளக்கடியில் முப்பது தட்டு

அடி அண்ணாமலையில் என் சித்தி சரசு தக்காளி நாற்று வளர்ப்பது வெயிலில் அல்ல, வீட்டின் நடு அறையில், டியூப் லைட்டுக்குக் கீழே. வெளியில் வைத்தால் மலைக் குரங்குகள் ஒரே காலையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடும். இரண்டு முறை அப்படிப் போனது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், தாவரவியல் படித்தவன். அந்தத் தெம்பில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டி விளக்குகளைத் தொங்கவிட்டுக் கொடுத்தேன். நாற்றுக்கு மேலே நாலு விரல் உயரம்தான் இருக்க வேண்டும் என்றேன். சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் தினமும் விரல் வைத்து அளந்த பிறகுதான் காப்பி குடிப்பார்.

முதல் பெரிய ஆர்டர் மணிவேலுடையது. குழிக்கு ஒன்றாக நாற்று நிற்கும் குழித்தட்டு முப்பது. பக்கத்து ஊர் விவசாயி. அவர் ஒரு சொல் சொன்னால் அந்த ஊரே கேட்கும், நல்லதானாலும் கெட்டதானாலும்.

நாற்று முளைத்த வாரத்தில் பௌர்ணமி வந்தது. சித்தப்பாவின் தங்கை குடும்பம் ஆரணியிலிருந்து கிரிவலத்துக்கு வந்து இறங்கியது, ஏழு பேர். அவர்கள் படுக்க இடம் வேண்டுமென்று சித்தி தட்டுகளைச் சுவரோரம் தள்ளினார். தலையில் இடிக்காமலிருக்க விளக்குகளை உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினார். வந்தவர்கள் மூன்று நாள் இருந்தார்கள். சாமி கும்பிட வந்தவர்களைக் கிளம்பச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

நான்காம் நாள் நான் போனபோது நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, வெளிறிய நூலாய்ச் சாய்ந்து கிடந்தன. மணிவேல் வரப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

விளக்கை இறக்கினோம். மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டோம். காலையும் மாலையும் நாற்றின் தலையை உள்ளங்கையால் தடவிவிடச் சொன்னேன். அசைந்தால் தண்டு தடிக்கும். தடவிக்கொண்டே சித்தி கேட்டார்.

"இது புக்குல இருக்குதா, இல்ல என்னை சமாதானம் பண்றியா?"

"இருக்குது சித்தி."

"எல்லாம் தேறும்னு இருக்குதா?"

நான் விசிறியைத் திருப்பி வைத்தேன்.

நான் ஊர் திரும்பிய பின் சித்தியிடமிருந்து தினமும் போன் வந்தது. தண்டு பச்சையாகுது என்பார். அடுத்த நாளே, கரண்டு போயிடுச்சு, மூணு மணி நேரமாச்சு என்பார். சித்தி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சித்தப்பா தனியாகச் சொன்னார்.

மணிவேல் மினி வேனோடு வந்த அன்று நானும் போயிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, பத்தொம்போது தட்டுதான் தருவேங்க. மிச்சம் பதினொண்ணு என் தப்பு. கொல்லையில நட்டா நிக்காது."

அந்தப் பதினொன்றையும் காட்டச் சொன்னார் மணிவேல். உள்ளங்கையை ஓட்டினார், படுத்தவை எழவில்லை. மற்றதில் ஓட்டினார், வளைந்து நிமிர்ந்தன.

"போன வருசம் ஒருத்தன் இந்த மாதிரி நோஞ்சானைத்தான் நல்ல நாத்துன்னு என் தலையில கட்டினான். நீ ஏம்மா சொல்லிட்ட?" என்றார். அவர் பத்தொன்பதையும் ஏற்றச் சொல்லிவிட்டு, மிச்சத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்டார். இருபத்தைந்து நாள் என்றார் சித்தி. அதற்கு மேல் ஒரு நாளும் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

வேன் தெரு முனை திரும்புமுன்பே சித்தி பதினொரு தட்டையும் கொட்டிவிட்டு, புதிதாகத் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதை போட உட்கார்ந்துவிட்டார். அவசரத்தில் சில விதைகள் குழிக்கு வெளியே விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.